ஏமன் நாட்டு அகீக் கல்

சகாரா பாலைவனத்துத் தமன்ராசெத்தில் உக்ஸெம் ஆசாரி கை வைத்தால் குப்பையும் கழுத்தேறும். ஓட்டை அலுமினியப் பானை காதணியாகும். சைக்கிள் கம்பி வளையலாகும். செத்துப்போன ரேடியோவின் குமிழ் யாரோ ஒரு மாப்பிள்ளையின் வாள் பிடியில் போய் ஜம்மென்று உட்காரும். வெள்ளியில் மட்டும் கலப்படம் கிடையாது; மற்றதெல்லாம் வாய்ஜாலம். சிவப்பு பிளாஸ்டிக்கை நீட்டி, "ஏமன் அகீக் கல் தாயே" என்று சத்தியம் பண்ணுவார். அந்த ஊரில் கொல்லன் பொய் சொல்வது குற்றமில்லை. சொல்லாவிட்டால்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

கொஞ்ச நாளாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம், தாஸ்ஸினின் கல்யாண மாலை. அவள் குடும்பத்துக்குத்தான் உக்ஸெமின் குடும்பம் பரம்பரையாக வேலை செய்கிறது. தாஸ்ஸினின் அப்பா அமாயாஸ், பல வருஷங்களுக்கு முன் பிக்கப் வண்டியில் தெற்கே போனவர் திரும்பவில்லை. உடலும் இல்லை, வண்டியும் இல்லை. தெற்கிலிருந்து வரும் ஒவ்வொரு லாரிக்காரனையும் அம்மா கைஷா நிறுத்தி விசாரிப்பாள். "அவர் வந்து நின்னுதான் பொண்ணைக் கொடுக்கணும்" என்று கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள்.

போன குளிர்காலத்தில், கரி வாங்கிக்கொண்டு திரும்பிய உக்ஸெம், வறண்ட ஓடையில் ஒரு வண்டியின் பின்பக்கம் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நல்ல சிவப்புப் பின்விளக்கு. தட்டிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வண்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது யாருடைய வண்டியோ ஆகிவிடும். பார்க்காதவரை கண்டெடுத்த பொருள்.

வீட்டில் அரம் போடும்போதுதான் கண்ணில் பட்டது. ஓரத்தில் ஆணியால் கீறிய சூட்டுக்குறி: இரண்டு கோடு, ஒரு கொக்கி. அமாயாஸ் தன் ஒட்டகங்களின் தொடையில் போடுவது. அந்தச் சூட்டுக்கோலை அடித்துக் கொடுத்ததே உக்ஸெம்தான்.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடினால் முதல் கேள்வி, "இந்தச் சிவப்பு ஏதுய்யா?" அப்புறம் ஊரில் உள்ள ஒவ்வொருத்தியும் தன் ஏமன் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். சூடு உள்பக்கம் போகும்படி திருப்பித் தாஸ்ஸினின் மாலையில் பதித்து, வெள்ளித் தகட்டால் மூடினார். வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவர் எதையும் செய்ததில்லை. அது வேறு உறுத்தியது.

மணப்பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு வந்த மனைவி கெல்லா, கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தபடி சொன்னாள்: "மறுபடியும் தள்ளிட்டாங்கய்யா. மழை முடியட்டும்னு சொல்லுது கைஷாம்மா. பின்னின சடையெல்லாம் வீண். அந்த மாலையை எடுத்து எடுத்துப் பாக்குது, இதைப் பாத்தா அவரு எவ்வளவு சந்தோஷப்படுவாருன்னு."

உக்ஸெம் துருத்தியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

கெல்லா எண்ணெய்த் துணியைக் கீழே போட்டாள். "ஒட்டகத்துக்குக் காய்ச்சல்னாகூட ஊருக்கெல்லாம் சொல்ற வாயி. இதுக்கு மட்டும் பேரீச்சங்கொட்டை அடைச்சுக்கிச்சா?"

"மானம் போயிடும்டி."

"யாருக்கு? உனக்கா? அது எப்ப வந்துச்சு, போறதுக்கு?"

அன்று சாயங்காலமே குறடை எடுத்துக்கொண்டு போனார். கைஷா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன உக்ஸெம், குறடும் கையுமா? கூலி பத்தலையா?"

"மாலையைக் கொடுங்க தாயே. பின்பக்கம் ஒரு வேலை இருக்கு."

தகட்டை அவள் எதிரிலேயே நெம்பினார். பிளாஸ்டிக்கைத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். கைஷா அந்தக் கொக்கியை விரலால் தடவினாள். தேநீர் வழிந்து தட்டை நனைத்தது.

"எங்க இருந்துச்சு?"

சொன்னார். எப்போது என்பதையும் சொன்னார்.

"இத்தனை நாள் எதுக்கு மறைச்சே?"

"கல்லு இல்லைன்னு தெரிஞ்சிடுமேன்னு..."

"கல்லு இல்லைன்னு நீ கொண்டு வந்த அன்னிக்கே தெரியும். கல்லுன்னா கையில சில்லுன்னு இருக்கும். எங்க அம்மா போட்டிருந்ததும் உங்கப்பன் கொடுத்த பிளாஸ்டிக்தான். ஊருக்கே தெரியும், முட்டாளே. உங்க வாய்க்காகத்தான் வாங்கறோம்."

உக்ஸெமுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சூடு வெளியே தெரியற மாதிரி பதிச்சுக் கொடு" என்றாள் கைஷா. "அதோடதான் பொண்ணைக் கொடுப்பேன். நான் விதவைக்கான இத்தா துக்கம் இருந்து முடிச்சதும் கல்யாணம். காலையில வண்டி ஏற்பாடு பண்றேன். வழி காட்ட நீ வரணும்."

"வரேன் தாயே."

வாசல் வரை வந்தவரை அவள் குரல் நிறுத்தியது.

"உள்ளே அவர் இருந்தாரா?"

"பாக்கலை."

"ஏன் பாக்கலை?"

எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் கைவசம் வைத்திருக்கும் உக்ஸெம், குறடைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு நின்றார்.