கோட்டில் பட்ட கால்

நவம்பர் ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு டார்ம்ஸ்டாட்டில் ரயில் ஏறினோம். ஆட்டம் நடக்கும் பிராங்க்ஃபர்ட் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. என்னை அழைத்துப் போனவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தெருவில் பல் மருத்துவர். பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து என்றால் அவருக்கு உயிர். நீலச் சட்டை அணிதான் அவருடையது. சென்னையிலிருந்து வந்து ஒரு வருடமே ஆன எனக்கும் ஒரு நீலச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்.

மைதானத்தில் சாசேஜ் வைத்த ரொட்டி ஏழு யூரோ. அதைத் தின்றபடி விதிகளைக் கற்றுக்கொண்டேன். கடைசி நிமிடத்தில் நீல அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. எங்கள் இருக்கைக்கு நேர் கீழே, பந்தைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் மூலையில், எல்லைக்கோட்டின் ஓரத்தில், அதன் வீரர் ஒருவர் பாய்ந்து பந்தைப் பிடித்தார். நடுவர் இரு கைகளையும் உயர்த்தினார், ஆறு புள்ளி. அடுத்து வீடியோவைப் பார்த்துவிட்டு அதை ரத்து செய்தார். பிடிப்பவரின் இரண்டு பாதமும் கோட்டுக்குள் பட வேண்டும். ஒன்று கோட்டிலேயே பட்டுவிட்டதாம். நீல அணி தோற்றது.

ஆறரை மணி உள்ளூர் ரயிலில் மூச்சுவிட இடமில்லை. கிளம்பிய சிறிது நேரத்தில், இரண்டு நிலையங்களுக்கு நடுவே, இருட்டில் நின்றுவிட்டது. பெட்டி முழுக்க அந்தத் தீர்ப்பைப் பற்றியே பேச்சு. முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

கதவருகே நீலச் சட்டையில் ஓர் ஆள், கூரையில் தலை இடிக்கும் உயரம். “பக்கத்தில் நின்ற நடுவர் கொடுத்ததை மாற்ற, சந்தேகமே இல்லாத ஆதாரம் வேண்டும். அது எங்கே?” என்றார். எனக்குப் பாதி ஜெர்மன்தான் புரியும்; மீதியைச் சிவநேசன் காதில் சொன்னார்.

“உனக்குக் கண் இல்லாததற்கு நடுவர் என்ன செய்வார்?” என்றார் எதிரே நின்ற, வென்ற அணியின் சிவப்புச் சட்டைக்காரர்.

உயரமானவர் கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். சிவப்புச் சட்டைக்காரர் பின்னால் நகரப் பார்த்தார்; இடமில்லை.

“தம்பி, வாயைத் திறக்காதேங்கோ,” என்றார் சிவநேசன்.

ஆனால் அந்த ஆள் எங்கள் சட்டைகளைப் பார்த்துவிட்டார். “நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?” என்று கேட்டார். அந்த மூலைக்கு நேர் மேலே என்று சிவநேசன் பதில் சொன்னார்.

“அப்படியென்றால் இவனிடம் சொல்லுங்கள். கால் உள்ளேதானே?”

சும்மா தலையாட்டியிருக்கலாம். நான் சிவநேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவரோ, “இல்லை. குதிகால் கோட்டில் பட்டது. எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் பட்டது,” என்றார்.

அந்த ஆள் இமைக்காமல் அவரையே பார்த்தார். ரயில் ஒரு குலுக்கலுடன் நகர்ந்தது. நிலையம் வரும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

பிராங்க்ஃபர்ட் தலைமை நிலையத்தில் இறங்கி, டார்ம்ஸ்டாட் ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்தோம். பின்னால் கனமான காலடிச் சத்தம். திரும்பினால் அந்த உயரமானவரேதான்.

“ஓடிடலாமாண்ணா?” என்றேன்.

“ஓட ஏலாது, தம்பி. நில்லுங்கோ.”

அருகில் வந்தவர் மூச்சு வாங்கினார். “ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் நம் அணிக்குக் கொடுத்த தண்டனை? அதுவும் சரியா?”

“அது முழுப் பிழை,” என்றார் சிவநேசன்.

அங்கேயே நின்று இருவரும் அதை அலசினார்கள். எங்கள் ரயில் போய்விட்டது. அந்த ஆள் கையை உயர்த்தும்போதெல்லாம் என் உடம்பு சுருங்கியது. தடுப்பாட்டக்காரர் எப்படித் தள்ளினார் என்று அவர் காட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த ரயிலில், “பயமா இல்லையாண்ணா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“ஓம், இருந்தது. ஆனா கால் பட்டதை நான் கண்ணால பாத்தனான், தம்பி.”

சென்னையில் கிரிக்கெட் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு திரும்பும்போது, எந்தச் சொல்லுக்குப் பிறகு அடி விழும் என்று என் காதுக்குத் தெரியும். அதற்குள் ஒதுங்கிவிடுவேன். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் எது என்று எனக்கு இன்னும் தெரியாது.