முன்மொழிந்தவள்

வார்டு தேர்தலில் நான் நின்றதே என் எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான். வேட்புமனுவில் முன்மொழிபவர் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். பொழிச்சலூரை ஒட்டிய எங்கள் தெருவில் பதினாறு வருடங்களாக அவளும் நானும் காலை நடைக்குச் சேர்ந்து போனோம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆட்டோவில் சர்ச்சுக்குப் போனோம். என் கணவரிடம் சொல்லாத உடம்பு உபாதைகளைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னைவிட ஆறு வயது சிறியவள். எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பல்லாவரத்தில் ஒரு நில அளவை அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வரைபடம் போடும் வேலை பார்த்தவள் நான். எந்த சர்வே நம்பர் எங்கே முடிகிறது, மனை பிரிப்பதற்கு முன்னால் மழைத்தண்ணீர் எந்த வழியாக ஆற்றுக்குப் போனது என்பதெல்லாம் என் கைக்கே தெரியும். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. பட்டா பெயர் மாற்றம், வீட்டு வரி, குடிநீர் இணைப்பு என்று தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக்கு வருவார்கள். நானும் விதிகளைப் படித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பேன்.

"எல்லாருக்கும் எழுதிக் குடுக்கறீங்க, நீங்களே நின்னா என்னக்கா? இவ்ளோ விஷயம் தெரிஞ்சவங்க இந்த வார்டுல யாரு இருக்காங்க?" என்று ஒருநாள் நடக்கும்போது கேட்டாள்.

சிரித்துவிட்டு விட்டேன். அவள் விடவில்லை. ஒரு மாதம் கழித்து நான் மனுத் தாக்கல் செய்தபோது அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எதிர்த்து நின்றவர்களில் பெயர் சொல்லும்படியானவர் பந்தல்காரர் ஒருவர்தான். ஷாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர். அவரும் என்னைப்போல சுயேச்சை. வார்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அரை மணி நேரத்தில் பெட்டியோடு வந்து நிற்பார். என் மாமனார் இறந்த அன்றும் அப்படித்தான் வந்தார். மாநகராட்சி மன்றத்தில் ஒரு வார்டு உறுப்பினரால் என்ன கேட்க முடியும், என்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை.

எங்கள் பகுதியின் பிரச்சினை மழைத்தண்ணீர்தான். ஐப்பசி பிறந்தால் நாலு தெருவில் முழங்கால் அளவு நிற்கும். அதற்கு ஒரு வடிகால் வழியை நானே சார்ட் தாளில் வரைந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. பழைய வாய்க்கால் இருந்த இடத்திலேயே போனால் சரிவு தானாகக் கிடைக்கும். மோட்டாரே வேண்டாம்.

அந்தத் தாளை அவளுடைய சமையலறை மேடையில் விரித்துக் காட்டினேன். அவள் விரலை வைத்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்தக் கோடு எங்க வூட்டுக்குப் பின்னாடி வருதேக்கா."

"ஆமாம். உங்க பின்சுவர் வாய்க்கால் மேலதான் நிக்குது. மூணு அடி உள்ள தள்ளணும். பாத்ரூமும் போகும்."

"எங்களுது மட்டுமா?"

"உங்களோட சேர்த்து ஒன்பது வீடு. முன்னாடியே உன்கிட்ட சொல்லிடறது நல்லதுன்னு நினைச்சேன்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். பால் இன்னும் பொங்கவில்லை.

"ஊருக்கு நல்லதுன்னா செய்யத்தானே வேணும்" என்றாள். பிறகு எனக்குக் காபி கொடுத்தாள். அன்று அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

மறுநாள் காலையிலும் அவள் வந்தாள். அடுத்த பன்னிரண்டு நாட்களும் வந்தாள். என் சின்னம் மின்விசிறி. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எங்க அக்கா எல்லாம் தெரிஞ்சவங்க, யோசிச்சு ஓட்டுப் போடுங்க" என்று அவள்தான் முதலில் பேச்சை ஆரம்பிப்பாள். போன இடமெல்லாம் உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். நான் வரைபடத்தை விரித்தால் கவனமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் தங்கள் பட்டா நகலை எடுத்துவந்து சந்தேகம் கேட்டார்கள். நான் ஜெயிப்பேன் என்று நினைத்ததில் தப்பு இருந்ததாக இன்றைக்கும் தோன்றவில்லை.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, குடியிருப்போர் நலச்சங்கத்தில் வேட்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். நான் பதினைந்து நிமிடம் பேசினேன். வடிகால், குப்பை, தெருவிளக்குப் பராமரிப்பு, எந்தத் தலைப்பில் எந்த நிதி கேட்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்துப் பந்தல்காரர் எழுந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "வடிகாலுக்கு உங்க திட்டம் என்ன?" என்று அவரிடம் கேட்டார்.

"எனுக்கு அதெல்லாம் இன்னா சார் தெரியும். அக்கா சொல்றது கரீட்டா இருக்கும், அவங்க படிச்சவங்க. நான் ஜெயிச்சா அக்காவையே கேட்டு செய்றேன். உங்களுக்கு ஒண்ணுன்னா போன் போடுங்க, வந்து நிப்பேன். அவ்ளோதான்" என்றார்.

கூடத்தில் கைதட்டல். எனக்குத் தட்டியதைவிட அதிகம். நானும் தட்டினேன். என்னைப் பாராட்டிப் பேசினாரே என்று.

வாக்கு எண்ணிக்கை அன்று என் கணவர்தான் முகவராக உள்ளே இருந்தார். எங்கள் தெருவுக்கான சாவடி இயந்திரத்தைத் திறந்தபோது எனக்கு விழுந்திருந்த ஓட்டு, பிரசாரத்தின்போது எங்கள் தெருவில் எனக்கு மோர் கொடுத்த வீடுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவு. பந்தல்காரர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். என் கணவர் வெளியே வந்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். எதிர்வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர் என் தோளில் பட்டது. நான்தான் அவளைத் தேற்றினேன்.

நாலு நாள் கழித்து, எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கீழே வந்தாள். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"அக்கா, எங்க வூட்ல ரெண்டு பேரும் உங்களுக்குத்தான் போட்டோம். நீங்க எங்களத் தப்பா நினைச்சுடக் கூடாதுன்னு சொல்ல வந்தேன். அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டும்கூட மாத்திப் போடல."

"எந்த மெசேஜ்?"

அவளுக்கு முகம் மாறிவிட்டது. நான் திரும்பக் கேட்டதும் போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் இருக்கும் குழு ஒன்று. அதில் நான் இல்லை. பேசியது எதிர்வீட்டுக்காரியின் குரல். ஜலதோஷம் பிடித்திருந்த குரல். பிரசாரத்தில் எந்த நாட்களில் அவளுக்கு ஜலதோஷம் இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் நான்.

"அக்கா ரொம்ப நல்லவங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்க வந்தா பிளானை எடுத்துகினு வந்து நம்ம செவுத்தையெல்லாம் இடிச்சுடுவாங்க. சொன்னா செய்றவங்க அவங்க. பந்தல் அண்ணாவுக்கே போட்டுடலாம். அக்காகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க."

இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை போடச் சொன்னபோது அந்தப் பெண், "வேணாம்க்கா" என்று போனை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மறுக்கவில்லை.

"பதினாலு வருஷ லோன்க்கா அந்த வூடு. பாத்ரூமை இடிச்சா மாமியாரை எங்க கொண்டுபோறது?"

"இதை அன்னிக்கே சமையல்கட்டுல என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மட்டும்? நீங்க சட்டத்தைச் சொல்லுவீங்க. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்குப் பதில் பேசத் தெரியாது. பந்தல் அண்ணாகிட்டன்னா அழுதாப் போதும்."

"அப்புறம் எதுக்குத் தினமும் என்கூட வந்த?"

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நான்தானே உங்கள நிக்கச் சொன்னேன். எப்படி வராம இருக்கறது?"

எழுந்து வந்துவிட்டேன். அவள் எனக்கு ஓட்டுப் போடவில்லை என்பதை ஒரு மாதத்தில் ஜீரணித்துக்கொண்டேன். ஒன்பது வீட்டுக்காரர்கள் பயந்ததும் எனக்குப் புரிகிறது. அறிவாளியை மக்கள் மதிப்பதில்லை என்று என் கணவர் சொன்னார். அது சரியில்லை. நான் சொன்னதைச் செய்வேன் என்று அவர்கள் முழுதாக நம்பினார்கள். அதனால்தான் தோற்றேன். ஆனால் என்னை யாரிடம் எப்படித் தோற்கடிக்கலாம் என்று ராத்திரி பேசி அனுப்பிவிட்டு, விடிந்ததும் குடையோடு என் வாசலில் வந்து நின்றாளே, அதை மட்டும் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. நடை நேரத்தை மாற்றிக்கொண்டேன். சர்ச்சுக்குத் தனி ஆட்டோ. என்னைப் பார்த்தால் அவள் புன்னகைக்க ஆரம்பிப்பாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அடுத்த மழைக்காலத்தில் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தது. எதிர்வீட்டின் பின்பக்கம் மொத்தமும் மூழ்கியது. பந்தல்காரர் டிராக்டரில் வந்து அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அவள் அவருடைய படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, கடவுள் அனுப்பிய அண்ணன் என்று எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானம் டிராக்டர் எங்கள் வாசலுக்கும் வந்தது. இடுப்பு வரை நனைந்திருந்த அந்த மனிதர் இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு பிரெட்டும் நீட்டினார். வீட்டில் பால் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

"தண்ணி எப்போக்கா வடியும்? எல்லாரும் கேட்டுகினே கீறாங்க."

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேட்டேன். மழை விட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். "மறுபடி மழை இல்லேன்னா ராத்திரி எட்டு மணிக்குள்ள தெருவுல இறங்கிடும்" என்றேன். தேங்க்ஸ்க்கா என்றார்.

அவர் போன பத்து நிமிடத்தில் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. எட்டு மணிக்குள் தண்ணீரை வடியவைக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும் யாரும் பயப்பட வேண்டாம் என்றும் அறிவித்தார். எதிர்வரிசையில் ஒரு மொட்டை மாடியில் நின்றிருந்த யாரோ கைதட்டினார்கள்.

ஏழே முக்காலுக்குத் தெரு வடிந்தது.