அளவெடுத்த கைப்பிடி

பணியில் இருந்த காலமெல்லாம் கலெக்டர் அலுவலகத்தில் பிறருடைய துப்பாக்கி உரிமக் கோப்புகளைப் புரட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, இலக்குச் சுடுதலுக்கென்று எனக்கே ஓர் உரிமம் கேட்டு வாங்கினேன். மற்றவர்கள் அதன்பின் எந்தப் பிஸ்டல் வாங்குவது என்று குழம்புவார்கள். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கிளப்பில் என்னோடு சுட்ட மணப்பாடு ஊர் நண்பர், கப்பலில் இன்ஜினியராக இருந்தவர், அந்த மாதம்தான் இறந்திருந்தார். அவர் பக்கத்தில் நிற்க, அவருடைய பிஸ்டலை இரண்டு முறை சுட்டிருக்கிறேன். அப்படியொரு டிரிக்கர், விரல் நினைத்தாலே போதும்.

அடக்கம் முடிந்த வாரம் அவர் மகள் போன் செய்தாள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவள். கிளப்பின் ஏர் பிஸ்டலில் என்னைவிட நன்றாகச் சுடுவாள்.

“அங்கிள், அப்பா பிஸ்டல வீட்ல வச்சிருக்கலாமா?”

“கூடாதும்மா. ஒடனே டீலர்ட்ட ஒப்படைச்சிரணும். பொறவு லைசென்ஸ் உள்ள யாருக்காவது வித்துரலாம்.”

ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. வாரிசு என்ற முறையில் அவளே உரிமம் கேட்கலாம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதது அலுவலகப் பழக்கம் என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன்.

நானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். விற்பனைக் கடிதத்தில் அவள் கையெழுத்திட வேண்டும். திருநெல்வேலியில் டீலர் கடைக்கு என் காரிலேயே கூட்டிப் போனேன். பாதி வழி தாண்டும்வரை நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, டீலர் புதிய பிஸ்டல் ஒன்றையும் நண்பருடையதையும் மேசையில் வைத்தார். நண்பர் மரக் கைப்பிடியைத் தன் உள்ளங்கைக்கு ஏற்றபடி இழைத்து, மேடு வேண்டிய இடத்தில் மரத்தூள் பட்டி பூசி வைத்திருந்தார். என் விரல்கள் அதற்குள் அடங்கவில்லை.

“அண்ணாச்சிக்குக் கை பெருசு. உள்பக்கம் அரத்த வச்சுத் தேச்சா சரியாயிரும்” என்றார் டீலர்.

“தேச்சுக்கிடுங்க அங்கிள். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவ” என்றாள் அவள். “ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டா?”

குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு டீலர் கொடுத்தார். சுவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவளுக்கும் அப்பாவின் சிறிய கை. குனிந்து பார்க்காமலே ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பிஸ்டலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

“இரும்மா,” என்றேன். “வாரிசுன்னு நீயே லைசென்ஸ் கேக்கலாம். அதுவரைக்கும் இவரு இங்கனயே வச்சிருப்பாரு.”

“நெசமாவா? அன்னைக்குச் சொல்லலியே?”

உண்மையைச் சொல்லத் தோதான இடம் அது.

“இப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

டீலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வாரிசு மனுக்களோடு என் மேசைமுன் நின்றவர் அவர். விற்பனைக் கடிதத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

“வயசாயிருச்சுல்லா அங்கிள்” என்று அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

நான் புதியதை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு உரிமம் வந்து, இப்போது பக்கத்துத் தடத்தில் நின்று அப்பாவின் பிஸ்டலைச் சுடுகிறாள். கிளப்புக்கு யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டி, “அங்கிளுக்கு மட்டும் அன்னைக்கு ஞாபகம் வரலன்னா இது போயிருக்கும்” என்கிறாள். நான் இலக்குத் தாளை மாற்றப் போகிறவன்போல நகர்ந்துவிடுகிறேன்.