பழவேற்காட்டில் ஒரு வாக்கு ஜாடி

வெள்ளிக்கிழமை, காலை

மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். நடுவில் ஒரே ஒரு நிலையம்தான். ஆனால் சிக்னலில் நிறுத்தி வைத்த நேரத்தைப் பார்த்தால், கொடுத்த காசுக்கு மேலேயே உட்கார வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் தினமும் எதிர்த்திசையில், சென்னைக்குப் போகிறவள். கல்லூரிப் பேராசிரியர்கள் கேமரா முன்னால் நடத்தும் பாடங்களை வெட்டி ஒட்டி, மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கும்படி சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. இருமல், திணறல், 'தப்பாச் சொல்லிட்டேன், மறுபடி ஆரம்பிக்கிறேன்' எல்லாவற்றையும் கத்தரித்துவிடுவோம். என்றைக்கோ வரப்போகிற மாணவனுக்கும் இந்தப் பாடம் இருக்கும் என்று எங்கள் முதலாளி பெருமையாகச் சொல்வார்.

இந்தப் பெருமையை மீஞ்சூர் மீன் மார்க்கெட்டில் நண்டு விற்கும் தேவகியிடம் நான் அளந்ததுதான் வினையாகப் போயிற்று. அவள் நண்டின் காலை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னா பெரிய இது? எங்க குப்பத்துலயும் அப்படி ஒண்ணு கீது. வாக்கு ஜாடி. போய்ச் சேர்ந்த பெரிய ஆளுங்க பேச்செல்லாம் அதுக்குள்ள கீது. கரண்டுகூட வாணாம். வர வெள்ளிக்கெழம தொறக்கறாங்க, வந்து பாரு."

பொன்னேரி நிலையத்திலிருந்து பழவேற்காடு பத்தொன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து கிடைத்தது. கட்டணம்தான் இல்லை, உட்கார இடமும் இல்லை. வழியில் முதலில் நெல் வயல், பிறகு இறால் குட்டை, பிறகு வேலிக்காத்தான் புதர். காற்றில் உப்பு ஏறியதும் பக்கத்திலிருந்த அம்மாள் தூக்கத்திலிருந்து எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஊர் வந்துவிட்டது என்று அவருக்கு மூக்கே சொல்லிவிடுகிறது.

பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கியதும் ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னாக்கா, பறவையா, கல்லறையா?"

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் பூநாரை பார்ப்பார்கள், டச்சுக்காரர் கல்லறையில் படம் எடுப்பார்கள், வறுத்த இறால் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். நான் "ஜாடி" என்றேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப முருகேசண்ணன் குப்பத்துக்கா? குந்து. ஆனா ஒண்ணு, அங்க செல்போன எடுத்துடாத. எட்த்தேன்னு வெச்சிக்க, ஏரிலதான் தேடணும்."

பாலம் தாண்டி, மணலும் தாரும் மாறி மாறி வந்த சாலையில் போனோம். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பின்னால் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

நண்பகல்

தேவகி வீட்டில் மடவை மீன் குழம்பு. அந்தக் குழம்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். புளி தூக்கலாக இருந்தால்தான் மடவைக்கு மரியாதை என்றாள் தேவகி. அவள் கணவர் ஏகாம்பரம் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கதையை அவர்தான் சொன்னார். ஏகாம்பரமும் இன்னும் நான்கு பேரும் போகும் படகு முருகேசனுடையது. முருகேசன்தான் அதற்கு டிரைவர். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும், நாளைக்கு வேறிடத்தில் இருக்கும். அலை மடிந்து விழுகிற அந்த இடத்தில் படகை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோவதுதான் டிரைவரின் வித்தை. வயதாகி ஓய்ந்து, படகை அடுத்தவரிடம் கொடுக்கும் நாளில், டிரைவர் அம்மன் கோயிலில் இருக்கும் ஜாடிக்குள் தலையை விட்டுத் தன் வாக்கைச் சொல்ல வேண்டும். அடுத்து வருகிறவர் அதே ஜாடிக்குள் தலையை விட்டுக் கேட்க வேண்டும். முன்னால் இருந்த அத்தனை பேரின் வாக்கும் அதில் தங்கியிருக்கிறது. கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. தண்ணீரில் காட்டினால் போதும்.

முருகேசன் ஓயவில்லை. மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். ஜாடியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"இப்ப அவரு தம்பி எழுமல ஓட்டணும்" என்றார் ஏகாம்பரம். "நல்ல ஆளுதான். ஆனா அண்ணன் தம்பி ஒரே போட்டுல போவக் கூடாதுன்றது எங்க வழக்கம். ஒரு அலைல ரெண்டு பேரும் பூட்டா வூடு இன்னாத்துக்கு ஆவும்? அதனால எழுமல வேற போட்டுலயே இருந்துட்டான். அண்ணங்கிட்ட ஒண்ணும் கத்துக்கல. ஜாடியும் கேக்காத டிரைவர நம்பி முகத்துவாரத்துல எவன் போவான்? பசங்க வேற போட்டுக்குப் போறோம்னு சொல்ட்டானுங்க."

"நீங்க?"

அவர் தேவகியைப் பார்த்தார். தேவகி எனக்கு இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

படகு கரையில் நின்றால் முருகேசன் மனைவி மல்லிகாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு 'கூட்டு வாக்கு'. வாக்குச் சொல்லாமல் ஒரு டிரைவர் இறந்துவிட்டால், அவர் படகில் போன ஒவ்வொருவரும் வந்து, தனக்கு அவர் சொன்னதை ஜாடியில் போட வேண்டும். மாணவர்கள் சேர்ந்து குருவை நிரப்புகிறார்கள். நான் இத்தனை வருஷம் பாடம் வெட்டி ஒட்டியதில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

மாலை

கோயில் சின்னது. பக்கத்தில் பூவரச மரத்தடியில், கழுத்துவரை மணலில் புதைந்து ஜாடி இருந்தது. பழுப்பு நிறம், வழவழப்பு, வாய் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. உள்ளே ஒரு ஆள் குந்தலாம் போல அகலம். உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கியது என்கிறார்கள். சீனத்து ஜாடி என்று யாரோ படித்தவர் வந்து சொன்னாராம். பூசாரி அதைப் பொருட்படுத்தவில்லை. "எவன் செஞ்சா இன்னா? உள்ள பேசறது எங்க ஆளுங்க."

கடல் காற்று ஏறியபோது ஜாடி முனக ஆரம்பித்தது. காலி பாட்டிலில் ஊதினால் வரும் சத்தம்தான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அது ஏறி இறங்கி, நின்று, மறுபடி தொடங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பெரியவர்கள் நிறையப் பேர் உள்ளே இருப்பதாகத்தான் தோன்றியது.

ஜாடியின் வாயை மூடியிருந்த வலைத்துண்டைப் பூசாரி அவிழ்த்தார். ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார்கள். ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் கடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டைக்கு ரகசியம் வருமா? பாதி வாக்கு எங்களுக்கே கேட்டது. "சோம்பேறி, கயித்த இன்னாடா பாக்கற, தண்ணியப் பாரு!" என்று ஒருவர். "வல கிய்ஞ்சா தச்சிக்கலாம், ஆளு கிய்ஞ்சா தைக்க முடியாது" என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் சொன்னதில் கோயில் வாசலில் சொல்லத்தகாத சொல் இரண்டு இருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அதுவும் வாக்குதான், வுடு" என்றார் பூசாரி. "முருகேசன் திட்டாம எப்ப பேசுனான்?"

எழுமலை ஓரமாகக் கைகட்டி நின்றார். நாற்பது வயது இருக்கும். சிரிக்கவில்லை. அண்ணன் தன்னை அப்படி ஒரு தடவைகூடத் திட்டியதில்லையே என்ற ஏக்கம் அந்த முகத்தில் இருந்ததாக எனக்குப் பட்டது.

ஏகாம்பரம் கடைசியாக வந்து, நிஜமாகவே ரகசியமாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பூசாரி வலைத்துண்டைக் கையில் எடுத்தார். "அவ்ளோதானா? வேற யாராச்சும் கீறீங்களா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"நான் கீறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மல்லிகா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பூசாரி கையை உயர்த்தித் தடுத்தார். "யம்மா, போட்டுல கால் வெச்சவங்கதான் வாக்குப் போடணும். பொம்பளைங்க போட்டுல ஏறறது இல்ல. வழக்கம் அது."

"வழக்கம் தெரியும் நைனா" என்றார் மல்லிகா. மெல்லிய குரல், ஆனால் நடுங்கவில்லை. "ஜெயிச்சி வந்த கதையெல்லாம் இவங்க சொல்ட்டாங்க. போட்டுல அவரு பயந்து யாராச்சும் பாத்தீங்களா?"

ஏகாம்பரம் இல்லை என்று தலையாட்டினார்.

"பாத்திருக்க மாட்டீங்க. பயந்தத எல்லாம் வூட்டுக்கு வந்து என்னாண்டதான் சொல்வாரு. தப்புப் பண்ணதையும் என்னாண்டதான் சொல்வாரு. அத யாரு ஜாடில போடறது? பாதிய மட்டும் கேட்டுட்டு என் கொழுந்தன் கடலுக்குப் போவணுமா?"

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அலுவலகத்தில் நான் நாள் முழுக்கக் கத்தரித்து எறிவது இதைத்தான். இந்தப் பெண் அதை ஒரு ஊரையே எதிர்த்து நின்று உள்ளே சேர்க்கச் சொல்கிறார். அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பூசாரி படகுக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் மணலைப் பார்த்தார்கள். கடைசியில் ஏகாம்பரம்தான் சொன்னார்: "வுடு பூசாரி. அண்ணன் வூட்டுக்குப் போயி பேசுனத நம்ம எங்க கேட்டோம்?"

பூசாரி வலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விலகினார். மல்லிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டார். மற்றவர்கள் ஒரு வாக்கியத்தில் முடித்ததை அவர் முடிக்கவே இல்லை. சூரியன் ஏரியின் மறு கரைக்கு இறங்கும்வரை பேசினார். ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை.

பிறகு எழுமலை கேட்டார். எல்லாரும் தள்ளி நின்றோம். குப்புறப் படுத்து, இரண்டு கையையும் மணலில் ஊன்றி, தோள்வரை உள்ளே போயிருந்தார். எழுந்தபோது மார்பெல்லாம் மணல். யாரையும் பார்க்காமல், மல்லிகாவின் முன்னால் மட்டும் ஒரு நொடி நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

"காலைல வரோம்" என்றார் ஏகாம்பரம் அவர் முதுகைப் பார்த்து. மற்ற நான்கு பேரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை, விடியல்

முகத்துவாரத்துக்கு மணலில் நடந்தே போகலாம். நானும் தேவகியும் போனபோது மல்லிகா முன்பே வந்து நின்றிருந்தார். கணவர் போன பிறகு அவர் கரைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று தேவகி என் காதில் சொன்னாள்.

அலை பெரிதாக இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, வெள்ளையாக மடிந்து விழுவதை மட்டும் பார்த்தேன். முதலில் போன படகு மூக்கைத் தூக்கி, விழுந்து, தாண்டிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. மூன்றாவது முருகேசனின் படகு, எழுமலை ஓட்டினார். ஐந்து பேரும் ஏறியிருந்தார்கள்.

படகு முகத்துவாரத்துக்கு உள்பக்கமே நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எழுமலை நின்றுகொண்டு அலையையே பார்த்தார். ஒரு அலை, இன்னொரு அலை. பின்னால் வந்த படகு இவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், அதுவும் தாண்டிவிட்டது. போயேன் ஐயா, போ, என்று மனதுக்குள் கத்தினேன்.

எழுமலை படகைத் திருப்பினார்.

கரையில் நின்ற ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். "மொத நாளே திரும்பிட்டானே. ஜாடில இன்னாத்த கேட்டான்?"

படகு மணலில் ஏறியது. ஐந்து பேரும் இறங்கினார்கள். ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு படகை விட்டுப் போகிறவர் தன் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அதற்கு மேல் பேச்சு கிடையாது. தேவகி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் படகுக்குள் குனிந்தார். தன் வலையைப் பிரித்து, நனையாத பக்கமாக மடித்து, படகின் உள்ளேயே வைத்துவிட்டு வந்தார். மற்றவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள்.

எழுமலை மல்லிகாவிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கி வாணாம்னு தோணிச்சி அண்ணி."

"செரி" என்றார் மல்லிகா. "போய்ச் சாப்புடு."

என்னை ஆட்டோவரைக்கும் கொண்டுவிட மல்லிகாவும் கூட வந்தார். உள்ளே என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவராகவே பேசினார்.

"எங்க வூட்டுக்காரரு அந்த முகத்துவாரத்துல ஒரு நாள்கூட போட்டத் திருப்புனது கெடையாது, தெரியுமாக்கா? பசங்க முன்னாடி வெக்கம். வூட்டுக்கு வந்துதான், திருப்பியிருக்கணும்னு பொலம்புவாரு."

முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கித் திரும்பிட்டாரு."