அடிபம்பில் கட்டிய கம்பி

லேப்டாப்பைப் பிரித்த அன்று வீட்டில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நான். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். மாடி அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர். செல்போன் கம்பெனி லைனில் மூத்தவளுக்கு ஸ்க்ரூ போடும் வேலை, இளையவளுக்குப் பாகங்களை எடுத்து வைக்கும் வேலை. வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டு, பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வேலை எடுத்தேன். கொஞ்ச நாளில் அது திணற ஆரம்பித்தது. ஒரு படத்தின் பின்னணியை மாற்றச் சொல்லிவிட்டு, உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் திரை அப்படியே நிற்கும். அப்போது தண்டலத்துக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு ஆல்பம் தாமதம். இதுவும் தாமதமானால் இனி வேலை கிடையாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, மறுபடியும் ஷூ கம்பெனிதான்.

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடைக்காரர் மாடலைப் பார்த்து, இதற்குள் இன்னும் வேகமான பிராசசர் உட்காரும் என்று பழையது ஒன்றை எடுத்துக் காட்டினார். மாட்டித் தர நான்கு நாள் ஆகுமாம். நான்கு நாள் லேப்டாப்பைக் கண்ணால் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பிராசசரை மட்டும் வாங்கினேன். அதற்கான இரண்டாயிரத்தை மூத்தவள்தான் தன் ஓ.டி. பணத்திலிருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் ஒருமுறை, செம்பரம்பாக்கத்தில் ஒருமுறை பையைத் திறந்து பார்த்துக்கொண்டேன். அது எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறது? ஆனாலும் பார்த்தேன்.

மாட்டித் தருகிறோம் என்று பெண்கள் சொன்னபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஆனால் அவர்கள் தொடங்கிய விதமே வேறு. கம்பெனியில் உட்கார்ந்ததும் முதல் வேலை மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டுவதாம்; அதன் வயர் எர்த்துக்குப் போகும். இல்லாவிட்டால் நம் உடம்பில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கரண்டு பாகத்தைச் சுட்டுவிடும். பட்டையைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. அதனால் என் வீட்டுக்காரரின் டூல்ஸ் பெட்டியிலிருந்து தாமிரக் கம்பியை எடுத்து, ஒரு முனையைப் பின்கட்டு அடிபம்பில் பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்துச் சுற்றினார்கள். மறுமுனையைப் பிரித்து இருவரும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். தலைமுடிக்குத் துண்டு. என்னையும் விடவில்லை; எனக்கும் கம்பி, துண்டு இரண்டும்.

"இதுல ஷாக் அடிக்காதா?" என்று கேட்டேன்.

"யக்கா, பேட்டரியவே கழட்டியாச்சி. எங்கன இருந்து அடிக்கும்?" என்றாள் மூத்தவள்.

பம்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு வேலை நடந்தது. மூத்தவள் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டின் குழிகளில் போட்டாள். கீபோர்டு வந்தது, விசிறி வந்தது. பிராசசரைப் பிடித்திருந்த பூட்டை அரைத் திருப்புத் திருப்பித் திறந்துவிட்டு இளையவள் பக்கம் நகர்த்தினாள். இளையவள் பழையதை எடுத்து, புதியதை மூலை பார்த்து வைத்து, சூடு இறங்கக் கடைக்காரர் கொடுத்த பசையைத் தடவி, லைனில் சொல்வதுபோல் "பாஸ்" என்று திருப்பித் தள்ளினாள். மூத்தவள் விசிறியை மூடி முடுக்கினாள். நான் மட்டும்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

பேட்டரியை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன். கறுப்பு.

ஷூ கம்பெனியின் பசை வாடை மூக்கில் வந்தது, சத்தியமாக. இனி என்ன செய்வது என்று கேட்டேன். இளையவளுக்கு முகம் செத்துவிட்டது. அவர்கள் லைனில் ஃபெயிலான பீஸ் ரீவொர்க் மேசைக்குப் போய்விடுமாம். அதற்கப்புறம் அதை என்ன செய்வார்கள் என்று இருவருமே பார்த்ததில்லை.

மறுபடியும் கழற்றினார்கள். விசிறியைத் தூக்கியதும், பிராசசரின் பூட்டு திறந்தே கிடப்பதை மூத்தவள் பார்த்தாள்.

"ஏட்டி, பூட்ட யாரு போட்டா?"

"நீதான?"

"நான் எதுக்குப் போடுதேன்? எங்கிட்ட வரும்போது பூட்டித்தான வரணும்?"

"திருப்புளி உன் கையிலல்லா இருக்கு. திருகுற வேல எல்லாம் உன் ஸ்டேஷன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தன் இடத்து வேலையை மட்டும் செய்து அடுத்த கைக்குத் தள்ளியே பழகியவர்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் அந்தப் பூட்டு யாருடையதும் இல்லாமல் போய்விட்டது. மூத்தவள் அரைத் திருப்புத் திருப்பினாள். அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டிப் போட்டபோது இந்த முறை திரையில் படம் வந்தது. நான் அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எழுந்துவந்து, பம்பில் கட்டிய கம்பியையும் அதன் முனைகளில் தலையில் துண்டோடு நின்ற மூன்று பெண்களையும் பார்த்தார்.

"இன்னா, மாடு கட்ற மாரி கட்டி வச்சிகினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மறுபடி படுக்கப் போனார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பே வந்தது.

லேப்டாப் பறக்கவெல்லாம் இல்லை. ஆனால் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் பின்னணி மாறியிருந்தது. எனக்கு அது போதும். தண்டலத்து ஆல்பம் சொன்ன நாளில் போனது. அடுத்த கல்யாணமும் வந்தது. இன்றைக்கு நான் செய்கிற வேலைக்கு அந்த இரண்டு பெண்களின் கைதான் காரணம்.

இரண்டாயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். முடிவதற்குள் மூத்தவளுக்குக் கல்யாணம் கூடிவந்து ஊருக்குப் புறப்பட்டாள். மீதியைக் கொண்டுபோய் நீட்டியபோது வாங்கவில்லை.

"என் ஆல்பத்த நீங்களே போட்டுத் தாங்கக்கா. அதுல கழிச்சிக்கிடலாம்" என்றாள்.

படங்கள் சிடியில் வந்தன. அந்த ஆல்பத்துக்குச் செலவழித்த நேரத்தை வேறு எதற்கும் செலவழித்ததில்லை. ஆனால் அதைக் கடனில் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அது நான் வைத்த மொய். ஆகவே அவளுக்கு நான் தரவேண்டியது இன்னும் எண்ணூறு ரூபாய்.