சீரியலில் யாரும் மீன் தின்பதில்லை

இங்கே மீன் தலைக்கு விலை கிடையாது. நார்வேயின் வடகோடியில், மலையும் கடலும் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறிய ஊரில் நான்கு வருடமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, இந்த ஒரு விஷயம் மட்டும் இன்னும் பழகவில்லை. மீன்கடைக்காரர் ஒரு பெரிய காட் மீனை எடுப்பார். என் இரண்டு கைக்கும் அடங்காத அதன் தலையை ஒரே வெட்டில் எடுத்து, வாழைப்பழத் தோலைப் போடுவதுபோல வாளியில் போட்டுவிடுவார். கடலூர்க் கடற்கரையில் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? முதல் வாரமே தயங்கித் தயங்கி, "அந்தத் தலை எனக்கு வேண்டும்" என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நண்டுக் கூண்டுக்கா?" என்றார். இரை வைக்கத்தான் இங்கே தலை கேட்பார்களாம். குழம்புக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம், நண்டுக்கு" என்றேன். சந்தோஷமாக மூன்று தலையைச் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஊரில் நான் ஒரு நண்டு வேட்டைக்காரன். இத்தனை வருடத்தில் என் கூண்டில் ஒரு நண்டுகூட விழவில்லையே என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

தலை கிடைத்துவிட்டது. புளிக்கு எங்கே போவது? பெட்டியில் கொண்டுவந்தது மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும். அப்படித் தீர்ந்துபோன ஒரு நாளில்தான் பக்கத்து வீட்டு சோல்வெய், கேக் செய்துகொள் என்று ஒரு டப்பா நிறைய ருபார்ப் கொடுத்தார். சோல்வெய் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ருபார்ப் என்பது சிவப்பாக, கீரைத்தண்டு மாதிரி இருக்கும். கோடையில் வெட்டி ஃப்ரீசரில் போட்டு வருடம் முழுவதும் வைத்திருப்பார்கள். ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். அடேயப்பா! புளிச்சக்கீரைக்கு அண்ணன்! கேக்காவது ஒன்றாவது. அப்படியே வேகவைத்து மசித்து, மிளகாய்த்தூளைப் போட்டு, காட் தலையை இறக்கினேன். அந்த வாசனையில் ஒரு நிமிடம் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று வறுத்த கடலையைப் போட்டுக் கொடுத்தேன். அவரும் அதை வெறுமனே திருப்பவில்லை. அந்த டப்பா இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் போனவன். அப்பா கட்டுமரத்தில் போனார், அப்புறம் விசைப்படகில் கூலிக்குப் போனார். நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்து, அந்தப் படிப்பைப் பிடித்துக்கொண்டு இங்கே சால்மன் பண்ணை வேலைக்கு வந்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவை மீனவக் குப்பத்தில் தனியாக விட மனமில்லாமல், டவுனுக்குள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தேன். நல்ல தெரு, நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரி பக்கம். பெரிய சாதனை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. வந்த மறுநாளே அம்மா கருவாடு வறுத்திருக்கிறாள். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அந்த வீட்டு மங்கையக்கா சிதம்பரத்துக்காரர், சுத்த சைவம். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜன்னலைத்தான் சாத்தினார். அதற்குப் பிறகு அம்மா கருவாட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றவேயில்லை. தெருவில் யாரோடும் பேசுவதுமில்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவேயில்லை, ரொம்ப நாள் கழித்து ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் தினமும் அதே பேச்சு.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. நீ?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்கும். எட்டு மணி சீரியல். "வூட்டுல நாலு பேரு பேசிக்கிற சத்தம் கேக்குதுல்ல, அதுக்குத்தான்" என்பாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பேச்சு இப்படி வற்றிக்கொண்டே போனது. ஒரு நாள் முழுசாக நின்றுவிடுமோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அப்போதுதான் புயல் வந்தது. கடலூருக்குப் புயல் என்ன புதுசா? ஆனாலும் இந்தத் தடவை மரங்கள் கம்பங்களோடு சாய்ந்து, தெருவில் கரண்ட் இல்லாமல் போயிற்று. நெட் இல்லை. அம்மாவின் பட்டன் போனுக்குக் கால் மட்டும் கிடைத்தது. ஆட்டோ பேட்டரியில் யாரோ சார்ஜ் போட்டுக் கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "பயமால்லாம் இல்ல தம்பி. சாய்ங்காலம் ஆனா வூடு ஊமையாயிடுது" என்றாள். "சீரியலை நான் பார்த்துச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அங்கே எட்டு மணி என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை. ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவன் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். டிசம்பரில் அதற்குள் இங்கே கும்மிருட்டு. அங்கேயும் இருட்டு, இங்கேயும் இருட்டு. முதலில் லேப்டாப் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தேன். "ஒரே இரைச்சல்டா, டம்மு டம்முன்னுது. நீயே சொல்லு" என்றாள் அம்மா. ஆக, கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி ஆரம்பித்தேன். பூங்கோதை என்று ஒரு மருமகள், கொடுமைக்கார மாமியார், வாய் திறக்காத புருஷன். இரண்டாம் நாள் போனில் இன்னொரு குரல் கேட்டது. "தம்பி, மாமியார் என்ன பொடவ கட்டியிருக்கா?" மங்கையக்கா! மெழுகுவத்தி கேட்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். நான்காம் நாள் ஆறு பேர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்களைப் பார்த்து எனக்கு வந்த பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் கடலைப் படித்தவன், மைக்ராஸ்கோப் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்தவன். பார்க்கத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. "மாமியார் சிரிக்கிறாங்க" என்று சொன்னால், "பல்லு தெரிய சிரிக்கிறாளா, தெரியாமயா?" என்று கேட்பார்கள். "காபி குடுக்குறா" என்றால், "டம்ளர கைல வாங்கினாளா, டேபிள்ல வைக்கச் சொன்னாளா?" அதை வைத்தே நாளைய கதையைச் சொல்லிவிடுவார்கள். அது அப்படியே நடக்கும்! மூன்றரை மணிக்கு அந்த ஆறு பேரின் கண் நான்தான் என்று நினைத்தால் உடம்பு சிலிர்த்துவிடும்.

விளம்பர இடைவேளையில் சமையல் பேச்சு. அடுப்பில் என்ன என்று அங்கிருந்தே விசாரிப்பார்கள். மங்கையக்கா சிதம்பரம் கொத்சு சொல்லிக்கொடுத்தார். "கத்திரிக்காய நல்லா கொழைய வேக வச்சிக்கோ. தனியா, மொளகா வறுத்துப் பொடி பண்ணிப் போடு. புளி கொஞ்சம் ஜாஸ்தியாவே வை." புளி இல்லை, கேக்கில் போடும் தண்டைத்தான் போடுகிறேன் என்றேன். "கேக்குல போடறதையா? அடக் கடவுளே! நடராசரு உன்ன மன்னிக்கட்டும்" என்றார். அங்கே கொல்லென்று சிரிப்பு. கொத்சு எப்படியோ வந்துவிட்டது.

ஒரு நாள் பூங்கோதை கதறும் இடத்தில் நானும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். கதவு தட்டும் சத்தம். வெளியே சோல்வெய், முகமெல்லாம் கவலை. "உன் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்றார். "இல்லை, இது டிவி. அம்மாவுக்குக் கரண்ட் இல்லை" என்று என் அரைகுறை நார்வேஜிய மொழியில் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவர், ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டு மெழுகுவத்தியோடு திரும்பி வந்தார். பளிச்சென்று எரியும் என் வீட்டு விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல், ஆனாலும் விடாமல், கட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பத்தாவது நாள் மானம் போயிற்று. பூங்கோதையை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். பெட்டியோடு மழையில் நிற்கிறாள். அந்த இடத்தில் என் லேப்டாப்பில் படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவில்லை. போனில் ஆறு பேரும் மூச்சுவிடாமல் காத்திருக்கிறார்கள். "அப்புறம்?" என்றாள் அம்மா. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. பத்து நாளாக வற்றாமல் ஓடிய பேச்சு அங்கே நின்றுவிடுமோ என்ற பயம். அடுப்பில் தலைக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"அவ நடக்குறா, நடக்குறா, கடற்கரை வரைக்கும் நடந்து வந்துட்டா. அங்க ஒரு வூட்டுல அடுப்பு எரியுது. ஒரு அம்மா எட்டிப் பாத்து, உள்ள வாம்மான்னு கூப்புட்டு, தல தொவட்டிவுட்டு, மீன் கொழம்பு ஊத்தி சோறு போடுறாங்க."

"தம்பி, இரு" என்றார் மங்கையக்கா. "சீரியல்ல ஏதுப்பா மீனு?"

எனக்கு வியர்த்துவிட்டது. உண்மைதானே! அந்த வீடுகளில் கேசரி கிண்டுவார்கள், பாயசத்தில் விஷம் வைப்பார்கள். எந்த மருமகளாவது மீன் ஆய்ந்து நாம் பார்த்திருக்கிறோமா? கடற்கரையில் பிறந்தவன் கதை கட்டினால் இப்படித்தான் மாட்டுவான். அம்மா என்ன ஆனாள் என்று தெரியவில்லை. மீன் என்ற பேச்சுக்கே அந்தத் தெருவில் அவள் வாய் மூடிப் பழகியிருந்தாள்.

மங்கையக்காதான் முதலில் சிரித்தார். "செரி, கண்டுபுடிச்சாச்சு. மேல சொல்லு. அந்தப் பொண்ணு துன்னுச்சா?"

"துன்னுச்சிக்கா. தலைய எடுத்து வச்சாங்க."

அப்போது அம்மாவின் குரல் வந்தது. "வந்த மொத நாளே தலையா? அப்ப நல்ல வூடுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். மண்டையில் உறைத்ததும் அப்போதுதான். கடல் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான் என்று நான்கு வருடமாக என்மேல் எனக்கு ஒரே பரிதாபம். குப்பத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு சாத்திய ஜன்னலுக்கு எதிரே, அம்மாவும் வெளியூர்க்காரியாகத்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் கரண்ட் வந்துவிட்டதாக வாட்ஸாப்பில் ஊர்க்காரர்கள் போட்டிருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு என்னவோ கை ஓடவில்லை. லேப்டாப்பைத் திறக்கவில்லை. சோல்வெய் கொடுத்த மெழுகுவத்தி ஒன்றை மேசையில் ஏற்றி வைத்துவிட்டு, சும்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். சரியாக மூன்றரைக்கு அம்மாவின் மிஸ்டு கால். கூப்பிட்டால், பின்னால் டம்மு டம்மென்று சீரியல் இசை.

"கரண்ட்டு வந்துடுச்சிப்பா."

"கேள்விப்பட்டேம்மா. செரி, நீ பாரு. நான் வச்சிடறேன்."

"வச்சிடுவியா? எல்லாரும் வந்து குந்தியிருக்காங்க, வச்சிடறானாம்!"

பட்டென்று அந்த இசை நின்றது. மங்கையக்கா பேசினார். "தம்பி, இதுல அவ இன்னும் மழையிலயே நின்னு அழுவுறா. பாக்க சகிக்கல. சவுண்ட நிறுத்திட்டோம். நீ சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த வூட்டுல இன்னிக்கி என்ன மீனு?"

"சீக்கிரம் சொல்லுடா" என்றாள் அம்மா. "அடுப்புல கருவாடு இருக்கு, தீஞ்சிடப் போவுது."

மஞ்சக்குப்பத்து டிவியில் ஒரு பெண் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் குரல் கொடுக்க வேண்டியவன் இங்கே, பனிக்குள், கரண்டியும் கையுமாக நிற்கிறேன். அடுப்பைக் குறைத்தேன். மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.