ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம்

சில வருஷங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், தண்டையார்பேட்டையில் நடந்தது இது. அங்கே எனக்கு மைக் செட் கடை.

என் மூத்த பையனுக்கு ரத்தம் ஊறாத வியாதி. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். மனைவி மறுபடி கர்ப்பமானபோது, இந்தக் குழந்தைக்கும் அது இருக்கிறதா என்று பார்க்க, வயிற்றில் ஊசி குத்தி, நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். அதிலேயே அவளுக்கு ரத்தம் கசிந்துவிட்டது. இன்னொரு ஊசியைக் கரு தாங்குமா என்பது சந்தேகம்தான் என்றார் டாக்டரம்மா.

அந்தத் துளியை லேபில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போக மனசில்லாமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே பேய் மழை. மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. சோதனை செய்யும் பெண் வெளியே வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணா, மெஷின் பாதியில நின்னுடுச்சு. உங்க சாம்பிள் உள்ளதான் இருக்கு."

குழந்தையின் டி.என்.ஏ. இப்போது மாவு மாதிரியான இரும்புத் துகள்களில் ஒட்டியிருக்கிறதாம். காந்தத்தால் துகளை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுக்குத் தண்ணீரை எடுத்துவிட வேண்டுமாம். துகள் காய்ந்துவிட்டால் டி.என்.ஏ. கிடைக்காதாம்.

"கையாலயே செஞ்சிடுவேன். ஆனா காந்தம் மெஷினுக்குள்ளயே மாட்டியிருக்கு, தனியா இல்லண்ணா. எனக்கும் பயமா இருக்கு."

"ஸ்பீக்கர்ல கீற காந்தம் ஆவுமா மேடம்?"

"தெரியலண்ணா. எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்."

முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் கடைக்கு ஓடினேன். இருப்பதிலேயே நல்ல ஸ்பீக்கரைக் கவிழ்த்துப்போட்டு உளியை வைத்தேன். ஓங்கி அடித்தால் காந்தம் உடையும், மெதுவாகத் தட்டினால் அங்கே துகள் காயும். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"இன்னாயா, இன்னா சொன்னாங்கோ?"

"மழ பெய்ஞ்சிகினு கீது. லேட்டாவும்னாங்கோ. நீ படு."

ஓரமாகத் தட்டித் தட்டி உடையாமல் பெயர்த்த காந்தத்தோடு லேபுக்குத் திரும்பினேன். அந்தப் பெண் அதை ஸ்பிரிட்டால் துடைத்துச் சின்னக் குழாயோடு ஒட்டி வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போன் டார்ச்சை அடித்தேன். குழாய்க்குள் டீத்தண்ணி நிறம். எதுவும் அசையவில்லை.

"வர்லியா மேடம்?"

அவள் குழாயைக் காந்தத்தோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் பழுப்பாகக் கோடு விழுந்தது. தண்ணீர் தெளிந்தது.

"ஒட்டிக்கிச்சுண்ணா," என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

ரிசல்ட் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்கு அந்த வியாதி இல்லை என்று வந்தது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

சாம்பிள் சரியில்லை, மறுபடி ஊசி குத்தி எடுங்கள் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் அவளைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வெளியே வந்து, முன்பின் தெரியாத என்னிடம் தனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னாளே, அதனால்தான் எங்களுக்கு இந்த மகள் என்று இன்றும் நம்புகிறேன்.